ரெண்டும் சந்தனக் கலர்தான், எதை அடிக்கலாம்?

ஷேடு கார்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும் கண்ணு. சுத்த வெள்ளை பேப்பர் மேல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. ஒண்ணுல லேசா ரோஸ் எட்டிப் பார்க்கும், இன்னொண்ணுல மஞ்சளோ பச்சையோ இருக்கும். கடை மெஷின்ல வெள்ளை பேஸ்ல சொட்டுச் சொட்டா மஞ்சள், சிவப்பு, கறுப்பு விட்டுத்தான் இந்தக் கலரே வருது. எந்தச் சொட்டு கூடியிருக்கோ, அது நாலு சுவரும் அடிச்சதும் வெளியே வந்துடும்.

இப்போ தரையைப் பாரு. டைல்ஸையும் கதவையும் நீ மாத்தப்போறதில்ல, அதனால பெயின்ட்தான் அதுங்களுக்கு அடங்கிப் போகணும். ஐவரி டைல்ஸ் பக்கத்துல ரோஸ் அடிக்கிற பீஜ் வந்தா, டைல்ஸ் பழுப்பேறினாப்ல தெரியும். ரெட் ஆக்சைடு தரைன்னா வெயில் பட்டு அந்தச் சிவப்பு சுவருக்கே ஏறும். ஏற்கெனவே ரோஸா இருக்கறதை அங்க அடிக்காதே. தேக்குக் கதவுக்கு என் ஓட்டு மஞ்சள் சாயலுக்குத்தான்.

பெரும்பாலும் ஏமாத்தறது லைட்டுதான். பல்பு டப்பாவுல 6500கே-ன்னு போட்டிருந்தா வெளிச்சம் நீலமா அடிக்கும், பச்சைச் சாயல் பீஜ் அதுல சோகை பிடிச்சாப்ல ஆயிடும். 2700கே வார்ம் லைட்ல ரெண்டும் மஞ்சளாயி வித்தியாசமே தெரியாது. எந்த லைட் மாட்டப்போறேன்னு முடிவு பண்ணிட்டுக் கலருக்கு வா.

சின்ன சாம்பிள் டப்பா ரெண்டு வாங்கு. பழைய பெயின்ட் இருக்கிற சுவர்ல திட்டுத் திட்டா அடிச்சுப் பார்க்காதே, பழைய கலர் கண்ணைக் கெடுக்கும். வெள்ளை சார்ட் அட்டையில ஓரம் விட்டு ரெண்டு கோட் அடி. எமல்ஷன் ஈரத்துல வெளிறித் தெரியும், காய்ஞ்சா கொஞ்சம் அழுத்தமாகும். அதனால நல்லா காயவிட்டு, சுவர்ல நிமிர்த்தி ஒட்டு. ஜன்னலுக்கு எதிர்ல ஒரு நாள், இருட்டு மூலையில ஒரு நாள். காலையிலயும் பாரு, ராத்திரி லைட் போட்டும் பாரு. இந்தத் தடவை ஒவ்வொண்ணாத்தான் பார்க்கணும், ஏன்னா உன் சுவர்ல ஒண்ணுதானே இருக்கப்போகுது! பெயின்டர் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" ன்னு அவசரப்படுத்துவார். சிரிச்சுக்கிட்டே டீ போட்டுக் குடு.

அப்பவும் மனசு இழுபறியா இருந்தா, வெளிச்சம் கம்மியான ரூமுக்கு வெளிர் கலர், குழந்தைங்க கை வைக்கிற ஹாலுக்கு ஒரு பிடி அழுத்தம். வாங்கறப்போ ரூமுக்கு வேண்டியதை ஒரே தடவையா கலக்கச் சொல்லு. ரெண்டு பக்கெட் வந்தா பெரிய டிரம்ல ஒண்ணா ஊத்திக் கலக்கிட்டு அடிக்கச் சொல்லு. மிச்சத்தை இறுக்கி மூடி, மூடி மேல ஷேடு கோடையும் ரூம் பேரையும் எழுதி வை.