ஊர் ஊராகப் போன ஷேக்ஸ்பியர்

ஷேக்ஸ்பியர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளிக்கூட ஆங்கிலப் பாடம், மனப்பாடம் பண்ணின பதில், அஞ்சு மார்க். பரீட்சை முடிந்ததும் மறந்துட்டோம். அதே ஷேக்ஸ்பியரைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுக்க ஊர் ஊராகப் போன ஒரு வெள்ளைக்கார நடிகரைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

யார் இவர்?

பெயர் ஜெஃப்ரி கெண்டல். 1909ல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பப் பெயர் பிராக். நம்ம ஊர்க் கலைஞர்கள் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொள்வது போல, இவர் ஊர்ப் பெயரையே மேடைப் பெயராக்கிக்கொண்டார். மனைவி லாரா லிடலும் நடிகை.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், படைவீரர்களுக்கு நாடகம் போடும் குழுவோடு இந்தியா வந்தார். ஊர் பிடித்துப் போயிற்று. 1947ல் சொந்தக் குழுவோடு திரும்பி வந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷத்தில் இவர் மூட்டை அவிழ்த்தார் என்று சொல்லலாம்! குழுவின் பெயர் ஷேக்ஸ்பியரானா. 1953ல் மறுபடியும் வந்து நீண்ட காலம் சுற்றினார்கள்.

எப்படி நடத்தினார்கள்?

இன்றைக்கு ஒரு மகாராஜாவின் அரண்மனை, நாளைக்கு ஒரு பள்ளிக்கூட ஹால். எந்த இடம் கிடைக்குதோ அதுதான் மேடை. குழு சின்னது என்பதால் ஒரே ஆள் பல வேஷம் கட்டணும். கெண்டலின் சின்ன மகள் ஃபெலிசிட்டி ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே மேடைக்குத் தூக்கி வரப்பட்டாள்! பின்னாளில் அவர் இங்கிலாந்தில் பெரிய நடிகை ஆனார். மூத்த மகள் ஜெனிஃபர், குழுவில் நடித்த சசி கபூரைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1978ல் மும்பை ஜூஹுவில் திறந்த பிருத்வி தியேட்டர் இன்றும் நடக்கிறது.

இந்தக் குடும்பத்தின் கதையைத் தழுவி 1965ல் 'ஷேக்ஸ்பியர் வாலா' என்ற படம் வந்தது. இசை சத்யஜித் ராய். கெண்டலும் லாராவும் ஃபெலிசிட்டியுமே அதில் நடித்தார்கள். ஒரு காட்சியில் 'ஒத்தெல்லோ' நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சினிமா நட்சத்திரம் அரங்குக்குள் வருவார். அவ்வளவுதான், கூட்டத்தின் கண் மேடையை விட்டு அவர் பக்கம் திரும்பிவிடும்.

எங்கே தடை விழுந்தது?

சினிமா வந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். கெண்டல் எத்தனை ஊருக்குப் போனாலும் நாடகம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதனால் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் போன நாடகம், வாசலுக்கு வெளியே நின்ற ஆளிடம் போகவில்லை.

இதைப் புரிந்துகொண்டவர் அவருடைய குழுவிலேயே இருந்தார். உத்பல் தத். 'கோல்மால்' இந்திப் படத்தில் மீசைக்கார முதலாளியாக வருவாரே, அவரேதான். கெண்டலிடம் தொழில் கற்ற அவர், பிறகு ஆங்கில நாடகத்தை விட்டு வங்காளிக்குப் போனார். 'மேக்பெத்'தை வங்காளியில் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். சரக்கு கெண்டலுடையது, வழி இவருடையது.

தமிழில் இதைப் பம்மல் சம்பந்த முதலியார் முன்பே செய்துவிட்டார். அவர் கையில் 'ஹேம்லெட்' 'அமலாதித்யன்' ஆனது. ஊர் ஊராகப் போவதிலும் நம்மவர்கள் குறைந்தவர்கள் இல்லை. 1912ல் பிறந்த டி.கே. சண்முகம் 6 வயதிலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். அந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1944ல் நாடகக் கலைக்கு ஒரு மாநாடு நடத்தினார்கள். எங்கே தெரியுமா? பள்ளிபாளையத்தில் பாலம் ஏறி இறங்கினால் வருமே, அந்த ஈரோட்டில்!

நமக்கு என்ன?

நாமும் ஒரு வகையில் கெண்டல் மாதிரிதான். நாலு வருஷம் ஆங்கிலத்தில் படிக்கிறோம், செமினார் எடுக்கிறோம், பிராஜெக்ட் காட்டுகிறோம். பார்க்கிறவர்கள் அந்த ஹாலில் இருப்பவர்கள் மட்டும்தான். கல்லூரி கேட்டுக்கு வெளியே விசைத்தறி ஓடும் சத்தம் கேட்குது. அந்தத் தறியின் மோட்டார் ஏன் சூடாகிறது, கரண்ட் பில் ஏன் ஏறுகிறது என்று தறிக்காரர் கேட்டால், "பவர் ஃபேக்டர்" என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடுவோமா, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்வோமா?

கெண்டல் 1998ல் காலமானார். ஆங்கிலத்தில் அவர் செய்தது வீண் இல்லை. அவர் இல்லாவிட்டால் உத்பல் தத்துக்கு அந்தப் பயிற்சி கிடைத்திருக்காது. முதலில் தொழிலைச் சுத்தமாகக் கற்கணும். பிறகு அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகணும். இரண்டும் வேணும்.

பயிற்சி

இந்த செமஸ்டரில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தலைப்பை எடுங்க. வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ அஞ்சு நிமிஷம் தமிழில் சொல்லிப் பாருங்க. எந்த இடத்தில் வார்த்தை வராமல் நிற்கிறீங்களோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைங்க. நாளைக்கு வகுப்பில் சாரிடம் கேட்க வேண்டிய சந்தேகம் அதுதான்.