இணையத்தளம்: நாமே கட்டுவதா, வல்லுநரிடம் விடுவதா?

கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நற்செய்தி நமக்குக் கற்பிக்கும் பாடம். இணையத்தளத்திற்கும் இது பொருந்தும்.

மந்தைவெளியில் வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முகவரி, விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை அறிவிப்பதே நோக்கமானால் நாமே கட்டலாம். 2003-ல் தோன்றிய வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் இலவசமே. தளத்தின் பெயருக்கும் இடத்திற்கும் மட்டும் கட்டணம் உண்டு. மற்றபடி செலவாவது நம் நேரம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் பெறாத தன்னார்வலர் உழைப்பாலேயே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. தன் கையே தனக்கு உதவி அன்றோ!

ஆனால் வாடிக்கையாளரின் பணத்தைத் தளத்திலேயே பெற்றுக் கணக்கும் வைப்பதானால், பாதுகாப்பிற்குத் தேர்ந்தவர் கை வேண்டும். பின்னர் பழுது பார்ப்பவர் யார், அதற்குக் கூலி என்ன என்பவற்றை முன்னரே எழுத்தில் பெறுதல் நன்று.

யார் கட்டினாலும் தளத்தின் பெயரை நம் பெயரிலேயே பதிவு செய்து, காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அப்பெயரைப் பிறர் வாங்கிவிடலாம். கொத்தனார் வீட்டைக் கட்டலாம். பத்திரம் வீட்டுக்காரரிடம்தானே இருக்க வேண்டும்!

ஆகவே தோழியரே, சிறியதை நாமே செய்வோம். பெரியதைக் கேட்டறிந்து ஒப்படைப்போம்.