பீம் இல்லாத தளம்: தூண் தலையில் கம்பி கட்டும் முறை

தம்மம்பட்டியில் ஆளுயர மரச்சிற்பங்களை நிறுத்திவைக்க உயரமான கூடம் வேண்டும் என்பவருக்கு, குறுக்கே பீம் தொங்காத ஃபிளாட் ஸ்லாப் ஏற்ற தளம்தான். ஆனால் சுமை முழுவதும் தூணைச் சுற்றியுள்ள சிறு பகுதி வழியாகவே இறங்கும். அங்கே கான்கிரீட் வெட்டுப்பட்டால் தளம் ஒரே நொடியில் தூணைவிட்டுக் கழன்று விழும், முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. சியோலில் 1995 ஜூன் 29 அன்று இதே வகைத் தளம் கொண்ட சம்பூங் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். அங்கே தூண்களை மெலித்திருந்தார்கள், கூரையில் சுமையை ஏற்றியிருந்தார்கள்.

முதலில் கணக்கு. 240 மி.மீ. தளம், 450 மி.மீ. சதுரத் தூண், எம்25 கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். கவர் 20, ரிங் கம்பி 10, இருதிசை மேல்கம்பிகள் 12 மி.மீ. எனக் கழித்தால் பயன்படும் ஆழம் ஏறத்தாழ 200. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 சொல்கிறபடி தூண் முகத்திலிருந்து பாதி ஆழம், அதாவது 100 மி.மீ. தள்ளி ஒரு சுற்றுக்கோடு போடுங்கள். அதன் நீளம் 2,600 மி.மீ. சதுர மி.மீ.க்கு 1.25 நியூட்டன் வீதம் கான்கிரீட் தனியே 650 கிலோநியூட்டன் தாங்கும். அதன் ஒன்றரை மடங்கான 975-ஐத் தாண்டினால் கம்பி கட்டிப் பயனில்லை. தளத்தையோ தூண் தலையையோ பெரிதாக்க வேண்டும்.

வளைவுத் திருப்புத்திறனின் (மொமென்ட்) பங்கையும் சேர்த்து வரும் சுமை 800 என்றால் கம்பி தேவை. கம்பி வைத்ததும் கான்கிரீட்டின் பங்கைப் பாதியாக, 325 ஆக, எடுக்கச் சொல்கிறது விதி. மீதி 475-க்கு ஒரு சுற்றில் 10 மி.மீ. ரிங் கால்கள் 17 வேண்டும். பக்கத்துக்கு 5 வீதம் 20 வைத்தால் சமமாகப் பிரியும். வெட்டு அழுத்தம் 0.625-க்குக் குறையும் இடம் தூணிலிருந்து 575 மி.மீ. அதுவரை சுற்றுகள் போக வேண்டும். இவை முறையைக் காட்டும் எண்கள்தான். உங்கள் கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடமே அளவு.

சென்ட்ரிங் பலகை மேல் தூண் முகத்திலிருந்து 80, 220, 360, 500, 640 மி.மீ. தூரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முதல் சுற்று பாதி ஆழத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளிப்போனால் அதற்கும் தூணுக்கும் நடுவிலேயே விரிசல் ஓடிவிடும், கட்டிய கம்பி எதற்கும் உதவாது. சுற்றுகளின் இடைவெளி முக்கால் ஆழத்தை, அதாவது 150-ஐ, மீறக் கூடாது.

அடுத்து கீழ்க்கம்பி. ஒவ்வொரு திசையிலும் இரண்டு கம்பிகளாவது தூண் கம்பிக்கூட்டின் உள்ளே ஓடட்டும். தளம் துளைபட்டாலும் அதைத் தொங்கவிட்டுப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டுதான். வரைபடத்தில் இல்லையென்றாலும் இன்ஜினியரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரிங்குகளை யு வடிவில் வளைத்துக் கீழ்க்கம்பிக்கு அடியில் செருகுங்கள். மேல்கம்பி பரப்பியபின் அதன்மேல் 135 பாகையில் கொக்கி மடக்குங்கள். மேலும் கீழும் கம்பியைக் கவ்வாத ரிங் சும்மா நிற்கும் இரும்பு. வெளி உயரம் சரியாக 200 மி.மீ. இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டிலும் அளந்து பாருங்கள்.

மேல்கம்பி மிதிபட்டு இறங்குவதுதான் அடிக்கடி நடக்கும் கேடு. 20 மி.மீ. இறங்கினால் தாங்கும் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தூணைச் சுற்றி சேர் கம்பியை நெருக்கமாக வையுங்கள். கான்கிரீட் போடுகிறவர்கள் நடக்கப் பலகை போடுங்கள். நெருக்கமான கம்பிக்குள் நுழைய 25 மி.மீ. ஊசி வைப்ரேட்டர் வேண்டும்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்: தூணிலிருந்து தளத்தடிப்பின் பத்து மடங்குக்குள், இங்கே 2.4 மீட்டருக்குள், இன்ஜினியரைக் கேட்காமல் ஓட்டை போடக் கூடாது.

முட்டுகளை எடுக்க அவசரம் வேண்டாம். தூண்களின் இடைவெளி 4.5 மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு ஐஎஸ் 456 குறைந்தது 14 நாள் சொல்கிறது. மேல்தளம் போடும்போது அதற்குக் கீழுள்ள தளங்களிலும் முட்டு நிற்கட்டும். வர்ஜீனியாவின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸில் 1973 மார்ச் 2 அன்று முட்டுகளை முன்னதாக எடுத்ததால் தளம் தூண்களைவிட்டுக் கழன்று 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.