தமிழ் தலைவாஸ்: தலைமடையும் கடைமடையும்

2025 ஆகஸ்ட் 29 இரவு. பூதலூர் பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஆறேழு பேர், நடுவில் ஒரு செல்போன். விசாகப்பட்டினத்தில் புரோ கபடி லீக்கின் 12-வது சீசன் தொடங்கிய நாள் அது. முதல் ஆட்டமே நம் தமிழ் தலைவாஸ் அணிக்கும் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்கும். 38-35 என்று தலைவாஸ் ஜெயித்ததும் கடையே எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “பவன் இருக்காரு, அர்ஜுன் தேஷ்வால் இருக்காரு. இந்த வருஷம் கப்பு நமக்குத்தான் அண்ணே!”

அக்டோபர் 31-ஆம் தேதி கோப்பையைத் தூக்கியது தபாங் டெல்லி. பன்னிரண்டு அணிகளில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தவர்களுக்குத்தான் அடுத்த கட்டம். அந்த எட்டில் தலைவாஸ் இல்லை.

அந்தப் பையனின் ஏமாற்றம் எனக்குப் புதிதில்லை. 2017-இல் இந்த அணி லீக்குக்குள் வந்ததிலிருந்து வருஷா வருஷம் இதே நம்பிக்கை, இதே வருத்தம். ஊர் அணியில் பல வருஷம் கார்னரில், அதாவது பிடிக்காரர் வரிசையின் ஓரத்தில், நின்று பிடித்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அணியைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எதை நம்பி ஏமாறுகிறோம் என்று தெரிந்துகொண்டால், அடுத்த வருஷம் ஆட்டத்தை இன்னும் நன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: கோடி கொடுத்து ஆள் எடுத்துவிட்டால் கோப்பை வந்துவிடும்.

உண்மை: விலைப்பட்டியலையும் புள்ளிப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

2022 ஏலத்தில் பவன் செராவத்தைத் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்குக் கொண்டுபோனது. லீக்கில் அதுவரை யாருக்கும் கிடைக்காத தொகை அது. அந்த சீசனில் டைட்டன்ஸ் 22 ஆட்டம் ஆடி ஜெயித்தது இரண்டே இரண்டு. பட்டியலில் கடைசி.

2024 ஏலத்தில் அதிக விலை போனவர் சச்சின் தன்வார். 2.15 கோடிக்கு அவரை எடுத்தது நம் அணி. முடிவில் கிடைத்தது ஒன்பதாம் இடம். 2025 ஏலத்தின் இரண்டு பெரிய விலைகள் குஜராத் கொடுத்த 2.23 கோடியும் (ஈரான் வீரர் ஷாத்லூயி) பெங்கால் கொடுத்த 2.205 கோடியும் (தேவாங்க் தலால்). இரண்டு அணியுமே முதல் எட்டுக்குள் வரவில்லை.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் ஆட்டமிழந்தால் அத்தோடு போச்சு. கபடியில் ரைடர் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும், தன் அணி புள்ளி எடுத்தால்தான் திரும்ப உள்ளே வர முடியும். இரண்டு கோடி கொடுத்து எடுத்த ஆள் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போது, அவரை எழுப்பிக் கொண்டுவர வேண்டியவர்கள் லட்சங்களில் வந்த மற்ற ஆறு பேர். அந்த ஆறு பேரால் ஒரு பிடி பிடிக்க முடியவில்லை என்றால் கோடி அங்கேயே உட்கார்ந்திருக்கும். 2025 ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் கையிருப்பு மொத்தம் ஐந்து கோடிதான். ஒருவருக்கே இரண்டு கோடிக்கு மேல் போனால் மீதியில்தான் கார்னர், உள்ளே தள்ளி நிற்கும் கவர், இரண்டாவது ரைடர், மாற்று ஆள் எல்லாம் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 2: முதல் ஆட்டம் ஜெயித்தால் சீசன் நம்முடையது.

உண்மை: தலைவாஸ் வரலாற்றைப் பொறுத்தவரை இது தலைகீழ்.

2018 அக்டோபர் 7, சென்னை: நடப்பு சாம்பியன் பாட்னாவை 42-26 என்று தோற்கடித்துத் தொடங்கினோம். 2019 ஜூலை 21: தெலுங்கு டைட்டன்ஸை 39-26. 2023 டிசம்பர் 3, அகமதாபாத்: தபாங் டெல்லியை 42-31, அன்று அஜிங்க்யா பவார் ஒருவரே 21 புள்ளி. 2024 அக்டோபர் 19: மறுபடியும் டைட்டன்ஸை 44-29. 2025-இல் 38-35. ஐந்து சீசன், ஐந்து முதல் வெற்றி. அந்த ஐந்தில் ஒன்றில்கூட லீக் கட்டத்தைத் தாண்டவில்லை.

தாண்டிய ஒரே வருஷம் 2022. அந்த வருஷம் முதல் ஆட்டம் குஜராத்தோடு 31-31 என்று சமனில் முடிந்தது.

2024-ஐ மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். முதல் ஐந்து ஆட்டத்தில் மூன்று வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியும் பாட்னாவிடம் 40-42 என்று இரண்டே புள்ளியில். அக்டோபர் 30-ஆம் தேதி குஜராத்தை 44-25 என்று நசுக்கியபோது அரையிறுதிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. மீதி 17 ஆட்டத்தில் கிடைத்த வெற்றி ஐந்துதான்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க வேறு உதாரணம் தேட வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் மூன்றாவது நாளில் கல்லணையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நிற்கும். பார்க்க வயிறு நிறையும். ஆனால் வேதாரண்யம், பேராவூரணி பக்கத்துக் கடைமடை விவசாயி அதைப் பார்த்து நாற்று விட்டுவிட மாட்டார். வாய்க்கால் தூர் வாரியிருக்கிறதா, முறை வைத்துத் தண்ணீர் வந்து சேருமா என்று கேட்பார். அந்த 22 ஆட்டமும் அப்படி ஒரு நீண்ட வாய்க்கால். முதல் வாரத்தில் எல்லாரும் காயமில்லாமல் இருப்பார்கள், எதிரணிக்கு நம் ஆட்டம் பழகியிருக்காது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் நம் ரைடர் எந்தக் காலை முதலில் வைப்பார் என்பதை எதிரணி வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருக்கும். அப்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் பட்டியலில் நமக்கு எந்த இடம் என்பது முடிவாகிறது.

நம்பிக்கை 3: நட்சத்திரம் போனால் அணி போச்சு.

உண்மை: நம் அணி எட்டிய பெரிய உயரம் நட்சத்திரம் இல்லாமல் எட்டியது.

2022 அக்டோபர் 8. அதே 31-31 குஜராத் ஆட்டம். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பவனின் முழங்கால் மடங்கிவிட்டது, தூக்கிக்கொண்டுதான் வெளியே போனார்கள். 2.26 கோடி வீரருக்கு அந்த சீசன் அன்றே முடிந்தது. அணியும் தொடக்கத்தில் தடுமாறியது. சீசன் நடுவில் பயிற்சியாளரும் மாறினார், உதயகுமார் இருந்த இடத்துக்கு அஷன் குமார் வந்தார்.

அப்போது எழுந்தவர் நரேந்தர் கண்டோலா. புதிய இளம் வீரர்கள் பிரிவில் வந்த பையன், புரோ கபடியில் அது அவருடைய முதல் சீசன். அந்த சீசனில் அவர் எடுத்த ரைடு புள்ளி 243. பின்னால் அஜிங்க்யா பவார் தாங்கினார், சாகர் ராத்தி, சாகில் குலியா போன்ற பிடிக்காரர்கள் நிலையாக நின்றார்கள். எலிமினேட்டரில் யு.பி. யோத்தாஸோடு 36-36 என்று சமனாகி, டைபிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டு புள்ளியில் இறுதிப்போட்டி கைநழுவியது. தலைவாஸின் மிகச் சிறந்த வருஷம் இதுதான்.

2025-இல் மறுபடி நம் அணியில் ஆடிய பவன் அப்போதும் பாதியில் போனார். ஒழுங்கு காரணமாக அவரை வீட்டுக்கு அனுப்பியதாக அணி அறிவித்தது, அவர் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்று டீக்கடையில் தீர்ப்பு எழுத வேண்டாம். அர்ஜுன் தேஷ்வால் தலைமை ஏற்று ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி குவித்தார், ஆனாலும் எட்டுக்குள் வர முடியவில்லை. இரண்டு வருஷத்திலும் பவன் இல்லை, ஆனால் முடிவு வேறு. அவர் இல்லாததை மட்டும் காரணமாகச் சொன்னால் 2022-க்குப் பதில் கிடைக்காது.

நம்பிக்கை 4: கபடி என்றால் ரைடர்தான்.

உண்மை: ரைடர் கைதட்டல் வாங்கித் தருவார். கோப்பை வாங்கித் தருவது பிடி.

போன தை மாதம் எங்கள் பக்கத்து ஊரில் மின்னொளி கபடிப் போட்டி. சம்பா அறுத்த வயலில் டிராக்டர் ஓட்டிச் சமன் செய்து, மண்ணை நனைத்து இறுக்கி, சுண்ணாம்பு மாவில் கோடு போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டு விளக்கு கட்டியிருந்தார்கள். 60 கிலோ எடைப் பிரிவு. இடது கார்னரில் ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். ரைடர் பாடிக்கொண்டே வந்து அவன் முன்னால் காலை நீட்டி நீட்டி இழுத்தார். பையன் பொறுக்க முடியாமல் பாய்ந்தான். கணுக்காலில் கை பட்டது, ஆனால் பக்கத்தில் இருந்தவன் வந்து சேரவில்லை. ரைடர் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார். புள்ளி போச்சு, எதிரணியில் வெளியே இருந்த ஒருவன் உயிர் பெற்று உள்ளே வந்தான்.

இடைவேளையில் அவர்களுடைய பழைய ஆட்டக்காரர் ஒருவர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னது காதில் விழுந்தது. “தம்பி, அவன் காலை உனக்குக் காட்டுறான். நீ பாக்காத. அவன் திரும்புறப்பப் பிடி. நீ போனா இவனும் கூடவே வரணும்.” அடுத்த பாதியில் பையன் பாயவில்லை. ரைடர் முகத்தைத் திருப்பும்வரை காத்திருந்தான். திரும்பிய நொடியில் கணுக்கால் அவன் கையில், கவர் இடுப்பில். மூன்று பேர் மட்டும் நின்றபோது பிடித்த பிடி என்பதால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி.

கார்னரும் கவரும் ஒரே மூச்சில் நகர்வது ஏலத்தில் வாங்கக்கூடிய சரக்கில்லை. அது சேர்ந்து ஆடி ஆடி வருவது. 2025-இல் டெல்லி ஜெயித்ததைக் கவனியுங்கள். அஷு மாலிக் போன்ற ரைடர் அவர்களிடம் இருந்தார், உண்மை. ஆனால் பின்னால் நின்றவர்கள் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, சுர்ஜீத் சிங். பல சீசன் ஆடிப் பழுத்த பிடிக்காரர்கள். புனேயோடு 31-28 என்று முடிந்த இறுதிப்போட்டியில் அந்த அனுபவம் பேசியது. அந்த சுர்ஜீத் ஒரு காலத்தில் நம் தலைவாஸின் கேப்டன். 2021-இல் மஞ்சள் பனியனில் நம் கவரைக் காத்தவர்.

நம்பிக்கை 5: தமிழ்ப் பையன்களை மட்டும் இறக்கினால் போதும், ஜெயித்துவிடலாம்.

உண்மை: இந்த ஆசை எனக்கும் உண்டு. நம் மண்ணில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. கல்லணைக்குப் பக்கத்துத் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் 2016-இல் நாற்பது வயதைக் கடந்த நிலையில் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். லீக் முழுக்க அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் ஆடினார்.

ஆனால் சேரலாதன் கோப்பை வாங்கிய பாட்னாவைப் பாருங்கள். முன்னால் ஹரியானாவின் இளம் ரைடர் பர்தீப் நர்வால், பின்னால் நம் ஊர் அண்ணாவின் நிதானம். இரண்டும் சேர்ந்ததுதான் வெற்றி. 2024-இல் அதே சேரலாதன் தலைவாஸின் வியூகப் பயிற்சியாளராக வந்தார், தலைமைப் பயிற்சியாளர் உதயகுமார். தமிழர் தலைமையில் அணி அருமையாகத் தொடங்கியது, ஒன்பதாம் இடத்தில் முடிந்தது. அவர்கள் சரியில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த வருஷமே சஞ்சீவ் பலியான் பொறுப்புக்கு வந்தார். பயிற்சியாளரையும் பாதி அணியையும் வருஷா வருஷம் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒருவர் நட்ட நாற்றை அவரே அறுவடை செய்ய வாய்ப்பே இருக்காது.

நம் பையன்கள் அணிக்குள் வர வேண்டும் என்று கேட்பது நியாயம். அவர்கள் வந்த வேகத்தில் வெளியே போகாமல் மூன்று வருஷம் ஒரே கார்னரில் நிற்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்த ஏலத்துக்கு முன்

ஏலம் வரும்போது முதலில் விலையைப் பார்க்காதீர்கள். யாரை விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். இரண்டு கார்னரும் ஏற்கெனவே சேர்ந்து ஆடியவர்களா? முதல் ரைடர் வெளியே உட்கார்ந்தால், இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பிய பிறகு வரும் மூன்றாவது ரைடான ‘டூ ஆர் டை’க்கு யார் போவார்? பயிற்சியாளர் போன வருஷத்து ஆளா? இதற்கெல்லாம் பதில் இருந்தால், முதல் ஆட்டம் தோற்றாலும் பதற வேண்டாம். பதில் இல்லாவிட்டால், முதல் ஆட்டத்தை இருபது புள்ளியில் ஜெயித்தாலும் டீக்கடையில் கப்பைத் தூக்க வேண்டாம்.

பூதலூர் பையன் மறுபடியும் வருவான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “எத்தனை கோடிக்கு எடுத்தாங்க தெரியுமாண்ணே?” என்று கண் விரியக் கேட்பான். அவனுக்கு டீ சொல்லிவிட்டு நான் கேட்கப்போவது ஒன்றுதான்: “கார்னர் ரெண்டும் யாரு தம்பி?”