மேப் காட்டுவது டப்பாவை அல்ல

மதுரை,
ஞாயிறு காலை.

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் நான் சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்றாய். அந்தச் "சரி" எனக்குத் தெரியும். ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். அதனால்தான் கடை திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நாளைக் காலை வார்டனிடம் போகிறேன் என்றாயே, அதற்கு முன் இதை முழுசாகப் படித்துவிடு.

ஏர்பாட்ஸ் டப்பா தொலைந்ததில் எனக்குப் பெரிய கவலை இல்லை. நீ சொன்ன இன்னொன்றுதான் உறுத்துகிறது. "ஃபைண்ட் மைல பாத்துட்டேன் பெரியப்பா, மேப்புல ஹாஸ்டல்லதான் காட்டுது, அப்ப இங்கதான் யாரோ எடுத்திருக்காங்க" என்றாய். அடுத்த மூச்சிலேயே ரூம் பெருக்க வருகிற அக்காவின் பேர் வந்தது. மேப்பில் புள்ளி ஹாஸ்டலில் நிற்பது உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளி டப்பா இல்லை அம்மா, உன் காதில் இருந்த பட்ஸ்.

உன்னுடையது முதல் ஏர்பாட்ஸ் ப்ரோ, 2019 அக்டோபரில் வந்த மாடல். அதன் டப்பாவுக்குள் பேட்டரி இருக்கிறது, சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் இருக்கிறது, மூடியில் காந்தம் இருக்கிறது. தன் இருப்பிடத்தைத் தானே வெளியே சொல்ல அதற்கு வழி கிடையாது. கூவுவதற்கு ஸ்பீக்கரும் கிடையாது. புளூடூத் சிக்னல் விடுவது பட்ஸ் மட்டும்தான். பட்ஸ் உள்ளே இருந்து டப்பா தொலைந்திருந்தால், கடைசியாக உன் போனோடு பேசிய இடத்தையாவது மேப் காட்டியிருக்கும். அப்போதும் மூடி சாத்தியிருந்தால் "பிளே சவுண்ட்" அழுத்தி ஒரு சத்தமும் வந்திருக்காது. உனக்கோ இரண்டு பட்ஸும் காதில், டப்பா காலி. காலி டப்பா ஊமை. ஆப்பிளின் ஆப்பும் சரி, கடையில் பையன்கள் இறக்கி வைத்திருக்கிற புளூடூத் ஸ்கேனர் ஆப்களும் சரி, அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆக, உன் சந்தேகத்துக்கு இருந்த ஒரே சாட்சி போய்விட்டது. இன்னொன்றும் யோசித்துப் பார். பட்ஸ் இல்லாத வெறும் டப்பாவை எடுத்து யார் என்ன செய்வார்கள்? என் கடைக்கும் அவ்வப்போது தனி டப்பாவைக் கொண்டுவந்து "இத எடுத்துக்கிறீங்களா அண்ணே" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் வாங்குவதில்லை, எனக்குத் தெரிந்த கடைக்காரர்களும் பெரும்பாலும் வாங்குவதில்லை. டப்பா ஒருவரிடம், பட்ஸ் இன்னொருவரிடம் என்றால் அது யாரோ தொலைத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். விலை போகாத ஒன்றைத் திருடி வேலையை இழக்க அந்த அக்காவுக்கு என்ன தலையெழுத்து? வார்டனிடம் நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாளை மறுநாள் டப்பா உன் பையிலேயே கிடைத்தாலும் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்க முடியாது. வேலையிலிருந்து நிறுத்தியவர்களைக் கூப்பிட்டு "தப்பா நெனச்சுட்டோம்" என்று எந்த ஹாஸ்டலும் சொல்லாது. தேடி முடிக்கும் வரை யார் பேரும் உன் வாயில் வரக் கூடாது. இதில் மட்டும் பெரியப்பா கண்டிப்பு.

சரி, தேடுவதற்கு வருவோம்.

தி.நகரில் ஏறி இறங்கிய ஜவுளிக்கடைக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டதாகச் சொன்னாய். அது வீண் வேலை. மாம்பலம் பிளாட்பாரத்தில்தான் பட்ஸை எடுத்துக் காதில் மாட்டினேன் என்றும் நீயே சொல்கிறாய். அப்படியானால் மாம்பலம் வரைக்கும் டப்பா உன் கையில் இருந்திருக்கிறது. ரங்கநாதன் தெருவில் தொலைந்திருக்க வழியே இல்லை. பட்ஸ் எந்த நிமிஷம் டப்பாவை விட்டு வெளியே வந்ததோ, அதற்கு முந்தைய நேரம் முழுவதையும் அடித்துவிடலாம். மிச்சம் மாம்பலத்திலிருந்து உன் கட்டில் வரைக்கும்தான்.

ஆனால் உன் ஞாபகத்தை மட்டும் நம்பாதே. போனைக் கேள். கால் லாக்கைத் திற. ரயிலில் இருந்தபடி அம்மாவோடு பேசினாயே, அது எத்தனை மணி என்று அதில் இருக்கும். யூடியூபில் பாட்டுக் கேட்டிருந்தால் கூகுள் அக்கவுன்ட்டில் "மை ஆக்டிவிட்டி" என்று ஒரு பக்கம் உண்டு, எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு ஓடியது என்பது வரை அதில் கிடக்கும். இன்னொரு கடிகாரம் பட்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சத்தம் அடைக்கும் வசதி ஓடும்போது அந்த மாடல் புதுசில் நாலரை மணி நேரம் பாடும். உன்னுடையது அண்ணன் வைத்திருந்து உனக்குக் கொடுத்தது, பேட்டரி பழசு. மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். ரூமுக்கு வந்து பார்த்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது என்றாய். அப்படியென்றால் பட்ஸ் வெளியே வந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் மாம்பலம் என்று நீ சொல்வதோடு ஒத்துப்போகிறது.

அடுத்ததுதான் முக்கியம். சட்டைப் பையிலோ குர்தா பையிலோ இருக்கிற டப்பா தானாகக் குதித்து விழாது. எடை நாற்பத்தைந்து கிராம் சொச்சம், வழுவழுவென்று இருக்கும். அதே பையிலிருந்து வேறு எதையாவது உருவும்போதுதான் கூடவே வந்து விழும். அந்த வேறு எது? உன் போன். காதில் பாட்டு ஓடுவதால் கீழே விழுந்த சத்தமும் கேட்காது. பெண் பிள்ளைகளின் குர்தாவுக்குப் பை வைக்கிற தையல்காரர்கள் உள்ளங்கை ஆழத்துக்கு மேல் ஏன் வைப்பதில்லையோ, அது தனி வழக்கு.

ஆகவே ஜிபேயைத் திற. நேற்று மாலைக்கு மேல் நீ பணம் அனுப்பிய ஒவ்வொரு வரியும் நீ போனைப் பையிலிருந்து எடுத்த ஒரு இடம், ஒரு நேரம். கிண்டியில் இறங்கி டீ குடித்தேன் என்றாய், அங்கே ஒரு க்யூஆர். வேளச்சேரி ஷேர் ஆட்டோவில் இறங்கும்போது டிரைவருக்கு ஒன்று. ஹாஸ்டலுக்குக் கீழே பழக்கடையில் ஒன்று இருக்கலாம். என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் ஷேர் ஆட்டோதான். நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துத்தான் போனை எடுக்க முடியும். அப்போது பை வாய் சீட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். டிரைவரின் பேர் ஜிபேயிலேயே இருக்கும். அந்த ஸ்டாண்டில் பேரைச் சொல்லிக் கேட்டால் ஆள் கிடைத்துவிடுவார். சீட்டும் முதுகுச் சாய்மானமும் சேர்கிற இடுக்கில் கையை விட்டுப் பார்க்கச் சொல். பகலில் போ, உன் ரூம் தோழியைக் கூட்டிக்கொண்டு போ.

ரயில் பெட்டி என்றால் 139க்குக் கூப்பிடு. எந்த வண்டி, மாம்பலத்தில் எத்தனை மணிக்கு ஏறினாய், பெண்கள் பெட்டியா என்று கேட்பார்கள், தயாராக வைத்துக்கொள். பயணிகள் விட்டுப் போன பொருளைத் தேடித் திருப்பிக் கொடுக்க ஆர்.பி.எஃப். "ஆபரேஷன் அமானத்" என்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. எக்மோரில் விட்ட லேப்டாப்புக்கு இருக்கிற அக்கறை இந்தச் சின்ன டப்பாவுக்கு இருக்குமா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான், ஆனாலும் ஒரு போன் காலுக்கு என்ன செலவு? சஞ்சார் சாத்தியில் புகார் பதியலாமா என்று கேட்டிருந்தாய். அது ஐஎம்இஐ எண் உள்ள போனுக்கு. ஏர்பாட்ஸுக்கு அந்த எண் கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் உன் ரூம். தேடிவிட்டேன் என்கிறாய், மேலே தேடியிருப்பாய். லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்துக் கட்டிலுக்கு அடியில் அடி. மேலிருந்து அடித்தால் வெள்ளைத் தரையில் வெள்ளை டப்பா தெரியாது; தாழ்த்தி அடித்தால் கடுகளவு பொருளுக்கும் நீள நிழல் விழும். என் மேஜையில் ஸ்க்ரூ தவறி விழுந்தால் நாங்கள் அப்படித்தான் தேடுகிறோம். பிறகு இரும்புச் சாமான். டப்பாவில் காந்தம் உண்டு என்றேனே, வேலை செய்யும்போது ட்வீசரும் பொடி ஸ்க்ரூவும் தானாகப் போய் அதன் மேல் ஒட்டுவதைத் தினம் பார்க்கிறேன். உன் கட்டிலின் இரும்புச் சட்டத்தின் உள்பக்கம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்து, இரண்டையும் கையால் தடவிப் பார். கண்ணால் பார்த்தது போதாது. தோள்பையைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் ஆகாது. உள் துணி கிழிந்திருந்தால் டப்பா துணிக்கும் தோலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து அமுக்கிப் பார். நேற்றைய குர்தா எங்கே? ஊறப் போட்டாயா?

ஊறியிருந்தால் பதறாதே. பட்ஸ் வியர்வை தாங்கும், இந்த மாடல் டப்பா தண்ணீர் தாங்கும் என்று செய்ததல்ல, இருந்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. துடைத்து, மூடியைத் திறந்தபடி தலைகீழாகக் கவிழ்த்து ஃபேனுக்கு அடியில் வை. அரிசிப் பானையில் போடாதே, அரிசித் தூள் சார்ஜிங் ஓட்டைக்குள் போனால் அதை எடுக்கிற வேலை வேறு. நன்றாகக் காயும் வரை ஒயரைச் சொருகாதே.

ஹாஸ்டலில் நோட்டீஸ் ஒட்டலாம், தப்பில்லை. "தொலைந்துவிட்டது" என்று எழுது, "எடுத்தவர்" என்று எழுதாதே. டப்பாவின் மேல் இருக்கிற கீறல், உள்ளே அண்ணன் ஒட்டிய ஸ்டிக்கர், இதில் ஏதாவது ஒன்றை எழுதாமல் விட்டுவை. கொண்டுவருகிறவரிடம் கேட்டு உறுதி செய்ய உதவும். சன்மானம் தருகிறேன் என்று தொகை போட்டு எழுதினால் கொடுத்தே ஆக வேண்டும், தெரியுமா? 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 168ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அறிவித்த பணம் கைக்கு வரும் வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டு, வழக்கும் போடலாம். உன் சம்பளத்துக்கு ஏற்ற தொகையாகப் போடு.

டீக்கடையில் கேட்கும்போது "ஏர்பாட்ஸ் சார்ஜிங் கேஸ்" என்று சொன்னால் அந்த அண்ணனுக்குப் புரியாமல் போகலாம். வெள்ளையாக, வழுவழுவென்று, சின்ன சோப்பு டப்பா மாதிரி இருக்கும் என்று சொல். எடுத்து வைத்திருந்தால் அப்போதே கல்லாவுக்குக் கீழே குனிவார்.

புதன் வரை தேடியும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடு, வாங்கிக்கொள்ளலாம். புது செட்டே வாங்க வேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவசியமில்லை. ஆப்பிள் சர்வீஸில் டப்பாவை மட்டும் தனியாகத் தருவார்கள். மாடல் எண் ஏ2190. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே உருவத்தில் கால் விலைக்கு ஒன்று கிடைக்கும். அதன் பேட்டரியை நான் திறந்து பார்த்திருக்கிறேன், தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற சாமான் இல்லை அது. ஒரிஜினல் வந்ததும் பட்ஸை உள்ளே வைத்து, மூடியைத் திறந்தபடி பின்னால் இருக்கிற பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடி. விளக்கு ஆரஞ்சாக மின்னி வெள்ளையானால் புதுசாகப் போனோடு சேர்க்கலாம். கடையில் ஒரு சிலிக்கான் உறை வைத்திருக்கிறேன், மாம்பழ மஞ்சள், கொக்கி வைத்தது. உனக்குப் பிடிக்காது என்று தெரியும், அனுப்புகிறேன். வெள்ளைப் பெட்ஷீட்டில் வெள்ளை டப்பா வைக்கிற அழகு போதும்.

என்றைக்காவது புது செட் வாங்கினால் டப்பாவிலேயே ஸ்பீக்கர் உள்ளதாகப் பார். 2022இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ 2இல் இருந்து டப்பா கூப்பிட்டால் குரல் கொடுக்கும். ஏர்பாட்ஸ் 4இல் சத்தம் அடைக்கும் வகைக்கு மட்டும் அது உண்டு, விலை குறைந்ததில் இல்லை. கூகுளின் பிக்சல் பட்ஸ் ப்ரோ 2இலும் உண்டு.

இப்போதைக்கு அவசரம் வேறு. டப்பா இல்லாமல் பட்ஸை அணைத்து வைக்க முடியாது, சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும், சுத்தமாக இறங்கி வாரக்கணக்கில் கிடந்தால் அந்தப் பொடி பேட்டரிக்கு நல்லதல்ல. ஆபீஸில் யாராவது இதே மாடல் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் இரவல் கேள். அவர்கள் டப்பாவிலும் உன் பட்ஸ் சார்ஜ் ஏறும். பின்பக்கப் பட்டனை மட்டும் தொடாதே. வேறு மாடல் டப்பா ஒத்துவராது.

அதற்கும் முன்னால் செட்டிங்ஸ், புளூடூத், பக்கத்தில் இருக்கிற "ஐ" குறியைத் தொட்டு சீரியல் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு. பட்ஸ் போனோடு இணைந்திருக்கும்போதுதான் அந்தப் பக்கம் ஒழுங்காக வரும். பழைய அட்டைப் பெட்டி அண்ணனிடம் இருந்தால் அதன் பார்கோடையும் படம் பிடித்து அனுப்பச் சொல், சர்வீஸில் கேட்பார்கள்.

அன்புடன்,
பெரியப்பா