எஞ்சின் கம்ப்யூட்டரைத் தேர்தலும் அதற்குச் சுருதி கூட்டலும்

விரைவோட்டத்திற்கென அமைந்த மோட்டார் வண்டியிலே, அதனைச் செய்த கம்பெனியார் வைத்த எஞ்சின் கம்ப்யூட்டரை அகற்றிவிட்டு, பிறர் செய்து விற்கும் வேறொன்றைப் பொருத்துதல் இக்காலத்துப் பல தேசங்களிலும் பயின்றுவரும் வழக்கமாகும். இதனைப் பற்றி யந்திரக்கலையிற் பற்றுடைய நம் மாணவர் பலர் கொண்டுள்ள எண்ணம் யாதெனில், விலையுயர்ந்த பெட்டியொன்றை வாங்கி மாட்டிய மாத்திரத்தில் வண்டியின் வலிமை பெருகிவிடும் என்பதே. இவ்வெண்ணம் பொருந்தாது. பெட்டி வலிமையைத் தருவதில்லை. சிலிண்டருக்குட் புகும் காற்றே வலிமையைத் தருவது. அக்காற்றின் அளவறிந்து பெட்ரோலை ஊட்டுதலும், உரிய கணத்தில் தீப்பொறியை விடுத்தலுமே பெட்டியின் தொழில். இத்தொழிலிற் சிறிது தவறினும் பிஸ்டன் உருகித் துளைபடும். பலநாள் அரிதிற் சேர்த்த பொருள் சில விநாடிகளிற் பாழாகும். ஆதலின் இக்காரியத்தை வகையறிந்து செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் சிறிது வரலாறு. கார்புரேட்டர் என்னும் கருவி, காற்றோட்டத்தின் உறிஞ்சுதலாற் பெட்ரோலைக் கலந்து கொடுத்த காலம் நெடிது. மின்விசையாற் பெட்ரோலைப் பீச்சும் முறையை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனியார் முயன்றனர். 1958-ஆம் ஆண்டுக் க்ரைஸ்லர் வண்டிகள் சிலவற்றில் அது வந்தும் நிலைபெறவில்லை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1967-இல் ஃபோக்ஸ்வாகன் வண்டியில் அமைத்த டி-ஜெட்ரானிக் என்பது நிலைபெற்றது. அது மானிஃபோல்டில் உள்ள அழுத்தத்தைக் கொண்டு காற்றின் அளவைக் கணித்தது. பின்னர் வந்த எல்-ஜெட்ரானிக், புகும் காற்றையே ஒரு தகட்டினால் அளந்தது. 1979-இல் வந்த மோட்ரானிக், பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியின் ஆளுகைக்குக் கொணர்ந்தது. அழுத்தத்தால் அறிதல், தகட்டால் அளத்தல் என்னும் இவ்விரு முறைகளின் வேற்றுமை நம் பொருளுக்கு உயிர்நாடி போன்றது.

எடுத்துக்காட்டாக, ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்து மாஸ்டா கம்பெனியார் 1989-இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இரண்டிருக்கை வண்டியைக் கொள்வோம். அதன் முதல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1,598 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் அழுக்க விகிதம் 9.4. காற்று புகும் வழியிலே ஸ்பிரிங்கினால் தாங்கப்பெற்ற தகடொன்று கதவுபோல் நிற்கும். காற்று தள்ளத் தள்ளத் தகடு திறக்கும். அது திறந்த அளவை மின்னழுத்தமாகக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். வண்டியை வாங்கியவண்ணமே ஓட்டுவார்க்கு இவ்வேற்பாடு முற்றும் போதும். அவர்கள் கம்ப்யூட்டரை மாற்றுவது வீண்செலவு என்பதே நம் கருத்து. ஆனால் அதே எஞ்சினில் டர்போ ஒன்றைப் பூட்டினால் நிலைமை வேறாகும். மிகுந்த காற்று புகும்போது தகடு முற்றும் திறந்து தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். அதன்பின் எத்துணைக் காற்று புகினும் பெட்டி அறியாது. அறியாத காற்றுக்குப் பெட்ரோல் ஊட்டாது. வாயிலில் நின்று எண்ணுபவன் எண்ணுவதை நிறுத்திய பின்னும் விருந்தினர் வந்துகொண்டேயிருந்தால், பந்தியில் அவர்க்கு இலை போடுவார் யார்? பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த அழுத்தத்திற் கொதித்தெரிய, பிஸ்டன் கெடுகின்றது.

பழைய பெட்டியை நீக்காமல், அதற்கும் சென்சருக்கும் இடையே சிறு பெட்டியொன்றை வைத்துப் பொய்ச்செய்தி கொடுத்து ஏய்ப்பாரும் உளர். இம்முறை மலிவானதே. எனினும், பெட்ரோலுக்காகச் சொன்ன பொய்யைப் பழைய பெட்டி தீப்பொறிக்கும் நம்பிவிடும். காற்று குறைவென்று கருதித் தீப்பொறியை முன்னரே விடுக்கும். ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடுகிறது. பிற்காலத்து வண்டிகள் பலவற்றிற் பழைய பெட்டியின் உள்ளெழுத்தையே திருத்தி எழுதலாம். அது கூடுமாயின் அதுவே சிறந்தது. 1989-ஆம் ஆண்டு வண்டிக்கு அவ்வசதி இன்மையால், தனிப்பெட்டியே தக்கது.

பெட்டியைத் தேடுமுன் இஞ்செக்டரைக் கணக்கிடுக என்போம். கணக்கு எளிது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 400 கன சென்டிமீட்டர். அழுத்தம் 100 கிலோபாஸ்கல், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ் எனில், ஒரு லிட்டர் காற்றின் நிறை 1.16 கிராம். சிலிண்டர் முழுதும் நிரம்பின் 0.465 கிராம் காற்று இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்புவதாகக் கொண்டால் 0.418 கிராம். பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். இவ்விகிதத்தையே லாம்டா 1 என்பர். முழு வலிமை வேண்டுங்கால் பெட்ரோல் சற்று மிகுந்திருத்தல் வேண்டுமாதலின் 12.6 பங்குக்கு 1 என வைப்போம். அப்போது வேண்டுவது 33 மில்லிகிராம் பெட்ரோல். நிமிஷத்திற்கு 210 கன சென்டிமீட்டர் பீச்சும் இஞ்செக்டர் இதனைப் பீச்ச ஏறக்குறைய 12.7 மில்லிவிநாடி ஆகும். வால்வு திறப்பதற்கென 1 மில்லிவிநாடியைக் கூட்டினால் 13.7. நிமிஷத்திற்கு 7,000 சுற்று ஓடும் எஞ்சின், தன் தொழிலின் ஒரு வட்டமாகிய இரண்டு சுற்றுக்களை முடிக்க 17.1 மில்லிவிநாடியே ஆகும். ஆக, அவகாசம் போதும்.

இனி டர்போவினால் அழுத்தம் 150 கிலோபாஸ்கல் ஆயிற்றென்றும், குளிர்விக்கும் கருவியால் வெப்பநிலை மாறவில்லையென்றும் கொள்வோம். காற்று 0.627 கிராம், காவலுக்காக விகிதத்தை 11.5 என வைத்தால் பெட்ரோல் 54.5 மில்லிகிராம். அதே இஞ்செக்டருக்கு இப்போது 22 மில்லிவிநாடி வேண்டும். இருப்பதோ 17.1! எத்துணை விலையுயர்ந்த கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தை உண்டாக்க வல்லதன்று. நிமிஷத்திற்கு 440 கன சென்டிமீட்டர் பீச்சும் இஞ்செக்டரை வைப்பின் 11 மில்லிவிநாடியில் வேலை முடியும். பெட்ரோல் பம்பும் இதற்கேற்ற அளவு தரவல்லதா என்பதையும் உடன் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இனிப் பெட்டி. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூஸீலந்தின் லிங்க் முதலியன முற்றுவித்து விற்கப்படுவன. அமெரிக்காவிற் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்னும் இருவர் அமைத்த மெகாஸ்க்வர்ட் என்பது உதிரி உறுப்புக்களாக வந்து, வாங்கியவரே பற்றவைத்துக் கூட்டிக்கொள்ளும்படி பெயர் பெற்றது. ஸ்பீடுயினோ என்பதன் வரைபடமும் உள்ளெழுத்தும் யாவருக்கும் திறந்து கிடப்பன. கற்க விரும்பும் மாணவர்க்கு இதனினும் நல்ல பாடநூல் அரிது. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவதிற் பயனில்லை. பார்க்கவேண்டியவை சிலவே: க்ராங்க் தண்டின் நிலையை உணர்த்தும் சென்சரின் குறிப்பை இப்பெட்டி படிக்குமா, இஞ்செக்டருக்கும் காயிலுக்கும் வேண்டிய வாய்கள் உளவா, அழுத்த சென்சர் நாம் கருதும் டர்போ அழுத்தத்தைத் தாண்டியும் அளக்குமா, வண்டியின் பழைய வயர்க்கொத்தில் அப்படியே மாட்டலாமா. எல்லாவற்றினும் முதன்மையாக நாம் கருதுவது, நம் ஊருக்கு அணித்தே உள்ள ட்யூனிங் வல்லுநர் எப்பெட்டியிற் பழகியவர் என்பது. அவர் அறிந்த நடுத்தரப் பெட்டி, அவர் அறியாத உயர்தரப் பெட்டியினும் மேலானது. கம்பெனியின் பெயருக்காகப் பெரும்பொருள் கொடுத்து, அதனைத் தொட ஆளின்றி மூடிவைப்பது அறிவுடைமையாகாது.

எம்.எக்ஸ்-5 வண்டிக்கென ஒரு குறிப்பும் சொல்லவேண்டும். கையாற் கியர் மாற்றும் 1.6 லிட்டர் வண்டியில் த்ராட்டிலின் கோணத்தை அளக்கும் சென்சர் இல்லை. முற்றும் மூடியது, முற்றும் திறந்தது என்னும் இரண்டையே உணர்த்தும் ஸ்விட்ச் மாத்திரம் உண்டு. திடீரென மிதிக்குங்கால் வேண்டும் மிகைப் பெட்ரோலைப் புதிய பெட்டி செவ்வனே ஊட்ட, கோணமளக்கும் சென்சரைப் பொருத்துதல் நலம். எஞ்சினில் நாக்கிங்கைக் கேட்கும் சென்சரும் இல்லை. இதனைப் பின்னர்க் கூறுவோம்.

பெட்டியைப் பூட்டியபின் ட்யூன் செய்யத் துடிப்பது இயல்பு. அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தீப்பொறியின் கோணத்தை அசையாமல் 10 டிகிரியில் நிறுத்தும்படி பெட்டிக்குக் கட்டளையிட்டு, டைமிங் லைட்டினால் க்ராங்க் கப்பியின் குறியைப் பார்த்தல் வேண்டும். பெட்டி 10 என்று சொல்லக் கப்பி 20 என்று காட்டுமாயின், அட்டவணையில் நாம் எழுதும் எண்ணெல்லாம் பொய்யே. சுற்று உயரும்போதும் குறி நகராது நிற்கிறதா என்பதையும் காண்க. நகருமாயின் சென்சரின் வயர்முனைகள் மாறியிருத்தல் கூடும். வீணையின் தந்தி நழுவும் முடுக்காணியில் கட்டப்பட்டிருக்கச் சுருதி கூட்டுவது எப்படியோ, இதைச் சரிபாராமல் ட்யூன் செய்வதும் அப்படியே.

பெட்ரோல் அட்டவணை பெரும்பாலும் குறுக்கே 16, நெடுக்கே 16 ஆக 256 கட்டங்கள் உடையது. ஒருபுறம் எஞ்சினின் சுற்று. மறுபுறம் மானிஃபோல்டின் அழுத்தம். சிலிண்டர் எத்துணை நிரம்புகிறது என்னும் நூற்றுவீதமே கட்டத்தில் எழுதப்படும் எண். சுற்றும் அழுத்தமும் இரு கட்டங்களுக்கு நடுவே நிற்பின், பெட்டி இடைப்பட்ட எண்ணைத் தானே கணித்துக்கொள்ளும். டைனமோமீட்டர் என்னும் உருளையின்மேல் வண்டியை ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாயில் உள்ள அகன்ற அளவையுடைய லாம்டா சென்சர் காட்டுவதைக் குறித்தல் வேண்டும். வண்டியோடு வந்த பழைய சென்சர் இதற்கு உதவாது. அது லாம்டா 1-க்கு இப்புறமா அப்புறமா என்பதை மட்டுமே சொல்லும். திருத்தும் விதி எளிது: கட்டத்தில் 80 இருக்க, வேண்டிய லாம்டா 0.86 ஆக, சென்சர் 0.95 காட்டினால், 80-ஐ 0.95-ஆற் பெருக்கி 0.86-ஆல் வகுக்க வரும் 88.4 என்பதே புதிய எண்.

இங்கே ஒரு பொறி உண்டு. சென்சர் பெட்ரோலை அளப்பதில்லை; எரியாது எஞ்சிய பிராணவாயுவையே அளக்கிறது. ஒரு சிலிண்டர் தீப்பற்றாது போயினும், சென்சருக்கு முன்னே புகைக்குழாயிற் சிறு ஓட்டை இருப்பினும் பிராணவாயு மிகும். சென்சரோ பெட்ரோல் குறைவு என்று காட்டும். அதனை நம்பி மேன்மேலும் பெட்ரோலை ஊட்டுபவர் உண்மை நிலைமையை விட்டு அகன்றுகொண்டே போவர். அட்டவணையின் நடுவே ஒரு கட்டம் மட்டும் அயலிலுள்ளவற்றோடு பொருந்தாமற் குன்றுபோல் உயர்ந்தால், எண்ணைத் திருத்துமுன் குழாயையும் பிளக்கையும் சோதிப்பது முறை.

தீப்பொறி அட்டவணையே உயிருக்கு உலைவைக்க வல்லது. பொறி விழுந்தபின் கலவை எரிந்து முடியச் சிறிது காலம் வேண்டுமாதலால், பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி விழவேண்டும். முன்னே தள்ளத் தள்ள வலிமை ஓரளவு வரை ஏறும். பின்னர் ஏற்றம் நின்றுவிடும். நின்ற இடத்திற்கு அப்பால் ஒரு டிகிரியும் தள்ளலாகாது. வலிமை கூடாமல் வெப்பமும் அழுத்தமும் மட்டுமே கூடும். டர்போவின் அழுத்தம் மிகுங்கால் இவ்வெல்லைக்கு முன்னரே நாக்கிங் தொடங்கிவிடும். அஃதாவது, சுடர் சென்று சேருமுன் ஓரத்திலுள்ள கலவை தானே வெடிப்பது. 78 மில்லிமீட்டர் விட்டமுள்ள இவ்வெஞ்சினில் அதன் ஒலி சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் எழும். முழு விசையில் ஓடும் எஞ்சினின் இரைச்சலில் வெறுங்காதுக்கு அது எட்டாது. ஆதலால் சிலிண்டர்ப் பகுதியில் ஒலிவாங்கி ஒன்றை இறுக்கி, செவிக்குழலணிந்து கேட்டுக்கொண்டே, பொறியை மிகப் பின்தள்ளிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல முன்னேறவேண்டும். கடைசி இரண்டு மூன்று குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து, நாக்கிங்குக்குச் சில டிகிரி இடைவெளி வைப்பவரையே நாம் நல்ல வல்லுநர் என்போம். கோடையில் ஒருநாள் காற்று வெப்பமாயிருக்கும். ஒருநாள் தாழ்ந்த தரப் பெட்ரோல் வாய்க்கும். அந்நாளில் காப்பது அவ்விடைவெளியே. இத்துடன், அழுத்தம் வரம்பு கடந்தால் பெட்ரோலை நிறுத்தும் காவலையும், சுற்றின் எல்லையையும் பெட்டியில் முதலிலேயே எழுதிவிடுதல் வேண்டும்.

முழு விசையில் ட்யூன் செய்வது ஒருநாள் வேலை. விடியற்காலைக் குளிரில் ஒரே திருப்பிற் கிளம்புவதும், சிவப்பு விளக்கில் அணையாது நிற்பதும் பலநாள் வேலை. குளிர்ந்த எஞ்சினுக்கு மிகைப் பெட்ரோல் வேண்டும். அது சூடாகச் சூடாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஒரு காலைக்கு ஒருமுறைதான் எஞ்சின் குளிர்ந்திருக்குமாதலின் சோதனையும் ஒருமுறைதான். கம்பெனியார் பனிநாட்டிலும் பாலைநிலத்திலும் ஓட்டிப் பார்த்துச் செய்யும் இவ்வேலையை, தனிப்பட்டவர் தம் வீட்டு வாயிலிற் செய்ய வேண்டியிருக்கிறது. பலர் பொறுமையிழந்து வண்டியை விற்பது இவ்விடத்திலேதான்.

பொது வீதியில் ஓட்டுவார்க்குச் சட்டமும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காற்றுத்தூய்மை வாரியத்தாரின் அனுமதி எண் பெறாத இத்தகைய பெட்டியைச் சாலை வண்டியிற் பூட்டலாகாது. இது வெறும் கெடுபிடியன்று. புகைக்குழாயிலுள்ள கேடலிடிக் கன்வெர்ட்டர் லாம்டா 1-ஐ ஒட்டியே நச்சுப்புகையை நன்கு மாற்றும். ஆகவே மெல்ல ஓடும் கட்டங்களை லாம்டா 1-இல் நிறுத்தி, டர்போ உழைக்கும் கட்டங்களில் மாத்திரம் பெட்ரோலை மிகுத்தெழுதுவது வழக்கம். வேலை முடிந்ததும் அட்டவணையின் பிரதியொன்றைத் தேதியிட்டு வேறிடத்திற் காத்துவைத்து, எந்த இஞ்செக்டருக்கும் எந்தப் பெட்ரோலுக்கும் எழுதப்பட்டது என்பதை அதனுடன் குறித்து வைத்தல் வேண்டும். இஞ்செக்டர் மாறிய அன்றே அப்பிரதி செல்லாததாகிவிடும்.