புதிய வங்கிக் கிளையும் நம் கடைக் கணக்கும்

கடைவீதியில் புதிதாக வங்கிக் கிளை திறந்தால் நம்மையும் அழைப்பார்கள். மரியாதைக்கு ஆளுக்கொரு நடப்புக் கணக்குத் தொடங்கிவிட்டு வருகிறோம். பிறகு அந்தக் கணக்கு தூங்குகிறது. அவசரத்துக்குக் கடன் கேட்டுப் போனால், "கணக்கில் வரவு செலவே இல்லையே" என்று மேலாளர் கையை விரிக்கிறார்.

மில் அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் நம் மதுரையில் பாங்க் ஆப் மதுராவைத் தொடங்கினார். வங்கி மேலாளரை ஏஜெண்ட் என்று அழைத்த அந்தக் காலத்தில், கீழமாசி வீதி வியாபாரிக்கு முகம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2001 மார்ச்சில் அந்த வங்கி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்துவிட்டது. பெயர்ப்பலகையே மாறும்போது முகத்தை நம்பிப் பயனில்லை. ஏட்டில் உள்ள வரவு செலவுதான் நமக்காகப் பேசும்.

நமக்கு ஏற்றது கேஷ் கிரெடிட் எனும் ரொக்கக் கடன். கடையில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. அதில் 4 லட்சத்துக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 6 லட்சம். வங்கி 25 சதவீதம் மார்ஜின் பிடித்தால் நாம் எடுக்கக்கூடியது நாலரை லட்சம். இதற்காகத்தான் மாதந்தோறும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்கிறார்கள். போன மாதத் தொகையையே மறுபடி எழுதிக் கொடுப்பவர்கள் நம்மில் உண்டு. ஆடியில் குறையும் சரக்கு தீபாவளிக்கு முன் ஏறாதா? பார்ப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டுமே வட்டி. கல்லாப் பணத்தைத் தினமும் கட்டினால் வட்டி குறையும், கணக்கும் நடமாடும்.

தண்டலைப் பாருங்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது! தண்டல்காரர் கடைவாசலுக்கே வருவார், ஜாமீன் கேட்கமாட்டார் என்பது வாஸ்தவம். அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது.

2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வணிகங்களும் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பிரிவில் சேர்ந்துள்ளன. அதற்கு உத்யம் பதிவு வேண்டும், கட்டணம் கிடையாது. புதுக் கிளைக்கும் வாடிக்கையாளர் தேவை என்பதால் தொடக்கத்திலேயே பேசுவது நல்லது. சில்லறைக் காசு கொடுப்பதும், கிழிந்த நோட்டை மாற்றித் தருவதும் ரிசர்வ் வங்கி விதிப்படி கிளையின் கடமை. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.